கர்த் கட்டினா கடிக்கற குதிரை

குதிரைக்கு காலர்போன் கிடையாது. நமக்கு கையும் உடம்பும் அந்த சின்ன எலும்பு வழியா கோத்திருக்கு, குதிரைக்கு முன்னங்காலையும் நெஞ்சுக்கூட்டையும் இணைக்க மூட்டுன்னு ஒண்ணுமே இல்ல, வெறும் தசை, தசைநார், சவ்வு அவ்ளோதான். ஐநூறு கிலோ வரைக்கும் வர்ற உடம்பு, அதுல கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னாடி ரெண்டு கால் மேல, அந்த பாரம் பூரா ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல சதையில தொங்கிட்டு நிக்குது. அதுக்கு மேல ஒரு சேடில், சேடிலுக்கு மேல ஒரு ஆளு, அந்த ஆளும் பாதி நேரம் பேலன்ஸ் இல்லாம ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்திருப்பாரு. "குதிரைக்கு எதுக்குங்க மசாஜு, அது என்ன ஐடி கம்பெனிலயா வேலை பாக்குது"ன்னு கேக்கறவங்ககிட்ட நான் இங்கருந்துதான் ஆரம்பிப்பேன். கேட்டுட்டு சில பேரு வேற பேச்சுக்கு போயிடுவாங்க, சில பேரு தன் தோள தானே தொட்டுப் பாத்துக்குவாங்க.

நான் அடிப்படையில மனுஷங்களுக்கு பிசியோதெரபி பண்றவ. ஃப்ரோசன் ஷோல்டர், கழுத்து வலி, முட்டி ஆபரேஷன் ஆனவங்க, இதுதான் என் பொழப்பு. சென்னைக்கு வெளிய ஒரு ரைடிங் ஸ்கூல்ல குதிரை ஓட்ட கத்துக்க போயி, ஓட்டறத விட தொட்டுப் பாக்கறதுல ஆசை வந்து, அப்பறம் குதிரை பாடிவொர்க், அதாவது குதிரை தசைய கையால இளக்கற வேலை, தனியா படிச்சேன். இப்ப வாரத்துல ரெண்டு காலைல லாயத்துக்கு போறேன், வெட்னரி டாக்டர் பாத்து சரின்னு சொன்ன குதிரைய மட்டும்தான் தொடுவேன். இந்த கண்டிஷன ஏன் முன்னாடியே சொல்றேன்னா, இந்த ஃபீல்டுல வாய் நீளமான ஆளுங்க ஜாஸ்தி. இங்கிலாந்துல 2015ல போட்ட உத்தரவுலயே பிசியோ, ஆஸ்டியோபதி மாதிரி கை வைத்தியம் எதா இருந்தாலும் வெட்னரி டாக்டர் சம்மதத்தோடதான் மிருகத்துக்கு பண்ணலாம்னு இருக்கு. நம்ம ஊர்ல அப்படி தனியா கேட்டு நிக்க ஆள் இல்ல, அதனால நாமளாதான் கோடு போட்டுக்கணும்.

எங்க லாயத்துல இருக்கற குதிரைங்க முக்கால்வாசி ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆனதுங்க. தரோபிரெட், ரேஸுக்குன்னே வளக்கற இனம். ரெண்டு வயசுல முதுகுல ஆள் ஏறி, எலும்பு முழுசா முத்தறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சு, ஆறேழு வயசுல "இனிமே இது வேகமா ஓடாது"ன்னு வெளிய வர்றதுங்க. அதுவரைக்கும் நேரா, வேகமா ஓடறது ஒண்ணுதான் தெரியும். திடீர்னு ஒரு சின்ன ரிங்குக்குள்ள வட்டமா சுத்து, மெதுவா போ, புதுசா கத்துக்கற பத்து வயசு பிள்ளைய சுமந்துக்கோன்னா அது உடம்பு என்ன பண்ணும்? வலிக்கும். வலிச்சா சொல்ல வாய் இல்ல. அதுவும் குதிரை இயற்கைல இரையா இருந்த மிருகம், நொண்டறத வெளிய காட்டினா புலி அதைத்தான் முதல்ல தூக்கும், அதனால முடிஞ்ச வரைக்கும் மறைச்சு வெச்சுக்கும். மறைக்க முடியாம போகும்போது காதை பின்னாடி மடக்கும், வால சுத்தும், கடிக்க வரும். உடனே நாம "குதிரை குணம் தெரிஞ்சுதான் ஆண்டவன் கொம்பு குடுக்கல"ன்னு பழமொழி சொல்லிட்டு போயிடுவோம்.

சூ டைசன்னு இங்கிலாந்துல ஒரு வெட்னரி டாக்டர், குதிரை நொண்டறத பத்தியே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவங்க. ஆள் ஏறி ஓட்டும்போது குதிரை காட்டற 24 நடத்தைய லிஸ்ட் போட்டாங்க. வாய திறந்து வெச்சுக்கறது, கண்ண ஒரே இடத்துல நிறுத்தி வெறிக்கறது, தலைய ஆட்டறது, கேன்டர்ல, அதாவது மிதமான வேகத்துல தாவி ஓடறதுல, கால் மாத்தி வைக்கறது இப்படி. அதுல 8 அல்லது அதுக்கு மேல தெரிஞ்சா எங்கயோ எலும்பு தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம்னு சொன்னாங்க. இந்த லிஸ்ட படிச்சப்பறம் எந்த ரைடிங் ஸ்கூலுக்கு போனாலும் மனசு ஒரு மாதிரி ஆயிடும், நீங்க படிக்காம இருக்கறது கூட நிம்மதிதான்.

சரி, நிஜமா என்ன பண்ணுவோம்னு ஒரு குதிரைய வெச்சு சொல்றேன். ராணின்னு ஒரு செம்பழுப்பு கலர் பெண் குதிரை. கம்ப்ளெயின்ட் ரெண்டு. ஒண்ணு, கர்த், அதாவது சேடில வயித்தோட சேத்து கட்டற பெல்ட், அத இழுத்தா உடனே திரும்பி கடிக்க வரும். ரெண்டு, இடது பக்கமா கேன்டர் போகாது, தப்பான கால எடுத்து வைக்கும் இல்லன்னா நின்னுடும். எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை, திமிரு.

நான் முதல்ல தொடவே மாட்டேன். கொஞ்ச நேரம் சும்மா தள்ளி நிப்பேன். எந்த பின்னங்கால மாத்தி மாத்தி ஓய்வு குடுக்குது, எதுக்கு குடுக்கவே மாட்டேங்குது. பின்னாடி நின்னு, பாதுகாப்பான தூரத்துலதான், இடுப்பு ரெண்டு பக்கமும் ஒரே உயரமா. ரைடிங் முடிஞ்சு சேடில் எடுத்ததும் வேர்வ தடம் எப்படி இருக்கு, நடுவுல எங்கயாச்சும் மட்டும் காஞ்சு கிடக்கா, அங்க அழுத்தம் ஜாஸ்தின்னு சந்தேகப்படலாம். லாடம் எந்த பக்கம் தேஞ்சிருக்கு. ராணிக்கு விதர்ஸ், அதாவது கழுத்து முடிஞ்சு முதுகு தொடங்கற அந்த மேடு, அதுக்கு கொஞ்சம் பின்னாடி ரெண்டு பக்கமும் குழி விழுந்து கிடந்துச்சு, கைய வெச்சா உள்ளங்கை அப்படியே உள்ள உக்காரும். அங்க சதை இருக்கணும். குறுகலான சேடில் நாள்கணக்கா அமுக்கினா அந்த இடத்து சதை கரைஞ்சு போயிடும்.

அப்பறம் புறங்கையால காதுக்கு பின்னாடி தொடங்கி வால் வரைக்கும் ஒரே ஓட்டமா தடவிட்டு வருவேன், எங்க சூடா இருக்கு, எங்க சில்லுன்னு இருக்கு, எங்க தோல் ஒட்டிக்கிட்டு நகர மாட்டேங்குதுன்னு பாக்க. ரெண்டாவது ரவுண்டு விரல் நுனியால. குதிரையோட தோலுக்கு அடியில உடம்ப போத்தின மாதிரி மெல்லிசா ஒரு தசை இருக்கு, ஈ உக்காந்தா அந்த ஒரு இடத்த மட்டும் சிலிர்த்து விரட்டறது அதுதான். ஒரு ஈயோட எடைய உணர்ற உடம்பு அது. நாம போய் முட்டி வெச்சு அமுக்கறோம்.

ஜிம் மாஸ்டர்சன்னு ஒரு அமெரிக்கர், அந்த நாட்டு என்டூரன்ஸ், அதாவது நெடுந்தூர ஓட்ட டீம் குதிரைங்களுக்கு வேலை பாத்தவரு, இந்த விஷயத்த நல்லா புடிச்சாரு. அவரு அழுத்தத்துக்கு ஒரு அளவு வெச்சிருக்காரு, முதல்ல தொட்டும் தொடாம காத்து இடைவெளி, அப்பறம் முட்டை மஞ்சக்கரு உடையாத அளவு, அப்பறம் திராட்சை, அப்பறம் எலுமிச்சை. புதுசா படிக்க வர்றவங்க எல்லாரும் நேரா எலுமிச்சைல தொடங்குவாங்க, நானும் மனுஷ முதுகுல பல வருஷம் கட்டைவிரல வெச்சு குத்தினவதான், அதனால கைய இளக்கறது லேசுல வரல. அழுத்தினா குதிரை எதிர்த்து அழுத்தும், அது ஜெயிக்கும், அவ்ளோதான் விஷயம். எதிர்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லாத அளவுக்கு லேசா வெச்சா, கொஞ்ச நேரத்துல அதுவே புடிச்சு வெச்சிருக்கறத விடும்.

ராணிக்கு காதுக்கு பின்னாடி, மண்டை ஓடு கழுத்தோட சேர்ற இடத்துல ரெண்டு விரல வெச்சு மெதுவா, நெசமாவே எறும்பு ஊர்ற வேகத்துல, முதுகெலும்புக்கு பக்கத்துல கோடு மாதிரி நகத்திட்டு வந்தேன். கண்ணையே பாத்துட்டு இருக்கணும். ஒரு இடத்துல கண்ண சிமிட்டுச்சு. அங்க விரல நிறுத்தி காத்திருக்கணும், தேய்க்கக் கூடாது, கிண்டக் கூடாது. ஒண்ணும் நடக்கல. மூச்ச புடிச்சு நின்னுது. கீழ் உதடு லேசா துடிச்சுது. வெளிய யாரோ பக்கெட்ட போட்டாங்க, காது அந்த பக்கம் போச்சு, திரும்ப வந்துச்சு. அப்பறம் தலை கொஞ்சம் கொஞ்சமா எறங்கி, எறங்கி, என் இடுப்பு உயரத்துக்கு வந்து, வாய மென்னுச்சு, அப்பறம் ஒரு கொட்டாவி விட்டுச்சு பாருங்க, மேல் தாடை எங்க போச்சுன்னே தெரியல, கண்ணு ரெண்டும் மேல சொருகி, நாக்கு ஒரு பக்கம் தொங்கி, கொட்டாவி மேல கொட்டாவி. முதல் தடவ பாக்கறவங்க குதிரைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துருவாங்க.

இந்த மெல்றதையும் கொட்டாவியையும் பாத்து "ரிலீஸ் ஆயிடுச்சு, குணமாயிடுச்சு"ன்னு யூடியூப்ல சொல்றாங்க இல்ல, அங்க எனக்கு கொஞ்சம் நெருடல் இருக்கு. மெல்றது பெரும்பாலும் டென்ஷன்ல இருந்து ரிலாக்ஸுக்கு மாறற அந்த இடைவெளில வருது. அப்படின்னா அதுக்கு முன்னாடி டென்ஷன் இருந்துச்சுன்னும் அர்த்தம், சில சமயம் அந்த டென்ஷன குடுத்ததே நாமதான். கொட்டாவி வயித்து வலிலயும் வரும். அதனால ஒரு கொட்டாவிய வெச்சு நான் எதையும் முடிவு பண்றதில்ல, தலை எறங்குச்சா, மூச்சு நீளமாச்சா, அடுத்த நாள் நடை மாறுச்சா, எல்லாத்தையும் சேத்துதான் பாக்கணும்.

ஆராய்ச்சி ஒண்ணுமே இல்லாத விஷயம்னும் சொல்ல முடியாது, இருக்கறது கொஞ்சம்தான், ஆனா இருக்கு. ஃபிரான்ஸ்ல கமார்க்ங்கற இனத்து குதிரைங்கள வெச்சு 1993ல ஒரு ஆய்வு வந்துச்சு. குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு சொறிஞ்சு விட்டுக்கறதுக்கு விரும்பற இடம் விதர்ஸ் பக்கம், அங்க மனுஷன் கையால சொறிஞ்சா இதயத்துடிப்பு குறையுது, வேற இடத்துல பண்ணா அப்படி குறையல. 2004ல இன்னொண்ணு, பல இடத்துல மசாஜ் பண்ணி பாத்ததுல விதர்ஸ், நடுக்கழுத்து, பின்னாடி புட்டத்து மேடு இங்கதான் துடிப்பு நல்லா எறங்குச்சு. அதனாலதான் புது குதிரைன்னா நான் விதர்ஸ்ல சொறிஞ்சு விட்டுத்தான் அறிமுகமாவேன், மூக்க தட்டறது மனுஷங்களுக்கு புடிச்ச வேலை, குதிரைக்கு இல்ல. 2008ல 38 குதிரைங்கள வெச்சு பண்ணதுல முதுகுல எவ்ளோ அழுத்தினா வலிக்குதுன்னு அளந்தாங்க, ஏழாவது நாள்ல அந்த தாங்கற அளவு கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பு மூட்ட கையால அழுத்தி சரி பண்ற முறை, அந்த குரூப்ல 27 சதவீதம், மசாஜ் குரூப்ல 12, பியூட்னு சொல்ற வலி மாத்திரை குரூப்ல 8 கூடியிருந்துச்சு. ஆனா அந்த குதிரைங்க எதுக்கும் முதுகு வலியே இல்ல, நல்லா இருந்த குதிரைங்க, அத மறைச்சிட்டு இந்த நம்பர மட்டும் போஸ்டர்ல போடறவங்கள நம்பாதீங்க.

அதே மாதிரி "மசாஜ் பண்ணா லாக்டிக் ஆசிட் வெளிய போகும்"னு ஒரு பழைய கதை. ஓடி முடிச்சு கொஞ்ச நேரம் நடக்க விட்டாலே அது தானா ரத்தத்துல இருந்து போயிடும், அடுத்த நாள் நாம போயி தேய்க்கும்போது அங்க வெளியேத்த ஒண்ணும் மிச்சம் இருக்காது. இதைவிட எனக்கு ஆத்திரம் வர்றது "இடுப்பெலும்பு நகந்துருச்சு, நான் உள்ள தள்ளிட்டேன்"னு சொல்றவங்க மேல. குதிரையோட இடுப்பு மூட்ட சுத்தி இருக்கற தசைநார் எவ்ளோ தடிமன்னு ஒரு தடவ அறுத்து வெச்சு பாத்தவங்க அப்படி பேச மாட்டாங்க. அது நிஜமாவே நகந்திருந்தா அந்த குதிரை நின்னுட்டே இருக்காது.

ஜாக் மீகர்னு ஒருத்தரு, அமெரிக்கால மனுஷ விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ் பண்ணிட்டு இருந்தவரு, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸ் சமயத்துல அந்த நாட்டு குதிரை டீமோட வேலை பாத்தாரு. இன்னிக்கு ஸ்போர்ட்ஸ் மசாஜ்னு குதிரைக்கு பண்றதுல நிறைய அவரு வழியா வந்ததுதான். லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ்னு இன்னொருத்தங்க, விரலால சின்ன சின்ன வட்டமா தோல நகத்தற முறை. அதெல்லாம் சரி, ஆனா எங்க லாயத்து பாய் இந்த பேர் எதையும் கேட்டதில்ல. வயசு அறுபது தாண்டியிருக்கும், சின்ன வயசுல இருந்து சைஸ் வேலை, அதாவது குதிரைய பராமரிக்கற வேலை, பாதி வாழ்க்கை ரேஸ் குதிரைங்களோட. வேலை முடிஞ்சு வந்த குதிரைய வைக்கோல முறுக்கி பந்து மாதிரி கட்டி அதால ஒத்தி ஒத்தி தேய்ப்பாரு, அப்பறம் முழங்கைல இருந்து உள்ளங்கை வரைக்கும் வெச்சு மாலிஷ் பண்ணுவாரு, உடம்போட மொத்த வெயிட்டையும் சாச்சு, ஆனா கை கனமா இருக்காது. நான் அவர்கிட்ட நின்னு பாத்து கத்துக்கிட்டது சர்டிஃபிகேட் கோர்ஸ்ல கிடைக்காதது.

ராணி விஷயத்துலயும் பாய்தான் பேச்ச எடுத்தாரு. நான் முதுகு, தோள், கழுத்துன்னு குறிச்சு வெச்சிட்டு இருக்கேன், இடது விலா பக்கம் கை வெச்சா வயித்த உள்ள இழுத்துக்குது, அதையும் எழுதிக்கிட்டேன்.

"முதுகெல்லாம் பாக்குறியேம்மா, வவுத்த பாத்தியா?"

"விலாகிட்ட தொட்டா சுருங்குது பாய், கர்த் வலியா இருக்கும்னு பாத்தேன்."

"கர்த்து இல்லம்மா. தீனி வெச்சா பாதில வுட்டுட்டு திரும்பிக்குது. சாணியும் முன்ன மாதிரி இல்ல. ரேஸ்ல ஓடன குதிர, அதுங்களுக்கு வவுறு எரியும். டாக்டர்கிட்ட சொல்லு."

சொன்னோம். டாக்டர் வந்து பாத்து அல்சர்னு மருந்து ஆரம்பிச்சாரு. இது புதுசே இல்ல, ட்ரெயினிங்ல இருக்கற ரேஸ் குதிரைங்கள்ல பெரும்பாலானதுக்கு வயித்துப் புண்ணு இருக்கும். காரணம் அது உடம்பு அமைப்பு. குதிரைக்கு வயிறு அந்த உடம்புக்கு ரொம்ப சின்னது, நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா புல்லு மேயறதுக்குன்னு ஆனது, அதனால சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் அமிலம் சொரந்துகிட்டே இருக்கும். மெல்லும்போதுதான் எச்சில் ஊறும், அந்த எச்சில்தான் அமிலத்த தணிக்கும். நாம என்ன பண்றோம், ரெண்டு வேளை தானியத்த கொட்டி, நடுவுல மணிக்கணக்கா வெறும் வயித்தோட நிக்க வெச்சு, அதே வெறும் வயித்தோட ஓட்டறோம், ஓடும்போது அந்த அமிலம் குலுங்கி மேல் பாதில அடிக்குது, மேல் பாதில அதுக்கு தாங்கற பூச்சு கிடையாது. ஓமெப்ரசோல்தான் மருந்து, நாம நெஞ்செரிச்சலுக்கு போடற அதே சாமான், ஆனா வீட்டு அலமாரில இருக்கற கேப்சூல உடைச்சு போடற வேலை வேண்டாம், அது குதிரை வயித்துல சரியா வேலை செய்யாது, அளவும் வேற.

இங்கதான் நான் சொல்ல வர்றது இருக்கு. வயித்துப் புண்ணால ராணி வயித்த இறுக்கி புடிச்சிட்டே நடந்துச்சு, வயித்த இறுக்கினா முதுகு எழும்பாது, முதுகு எழும்பலன்னா பின்னங்கால் உள்ள வராது, எல்லா பாரமும் தோள்ல எறங்கும், அந்த தோள்ல ஏற்கனவே சேடில் அமுக்கிட்டு இருக்கு. நான் போய் தோள மட்டும் பதமா இளக்கிட்டு வந்தா மூணு நாள் நல்லா இருக்கும், அப்பறம் பழைய கதைதான். ஓனருங்க "மேடம் கை பட்டா குதிரை பறக்குது"ன்னு சொல்லும்போது சந்தோஷமாதான் இருக்கு, ஆனா திரும்ப திரும்ப ஒரே இடம் இறுகுதுன்னா என் கைக்கு வேலை முடிஞ்சுது, பல்லு, லாடம், சேடில், வயிறுன்னு வேற யாரையாச்சும் கூப்பிடணும். பாடிவொர்க் பண்றவங்க பெரிய உபயோகம் இளக்கறதுல இல்ல, கண்டுபுடிச்சு சரியான ஆள்கிட்ட சொல்றதுலதான்னு எனக்கு இப்ப தோணுது. கூட தொழில் பண்றவங்க சில பேருக்கு இது புடிக்காது, பரவால்ல.

தொடவே கூடாத நேரம் சிலது இருக்கு. காய்ச்சல், கோலிக்னு சொல்ற கடுமையான வயித்து வலி, புதுசா வீங்கின கால், காரணம் தெரியாத நொண்டல், இதெல்லாம் டாக்டர் வேலை. வேலை முடிஞ்சு தொடை கல்லா இறுகி, நடக்க மாட்டேன்னு நின்னு, மூத்திரம் காபி கலர்ல போச்சுன்னா அது தசை உடைஞ்சு போற வியாதி, அங்க போய் தேய்க்கறது எரியற இடத்துல கிளர்றது, நகத்தாம அப்படியே நிக்க வெச்சு டாக்டருக்கு போன் பண்ணுங்க. அப்பறம் முட்டிக்கு கீழ மசாஜ் பண்றேன்னு ஆசப்படாதீங்க, குதிரைக்கு முட்டிக்கு கீழ தசைன்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கிடையாது, எல்லாம் நாணும் எலும்பும்தான்.

குதிரை வெச்சிருக்கவங்க தானே பண்ணிக்க ஒண்ணு சொல்லணும்னா கேரட் ஸ்ட்ரெட்ச். கேரட்ட காட்டி, குதிரைய கால் நகத்தாம, தலைய நெஞ்சுக்கு, முன்னங்கால் நடுவுக்கு, அப்பறம் பக்கவாட்டுல விலாவுக்கு, இடுப்புக்கு, பின்னங்கால் குளம்புக்குன்னு கொண்டு வர வைக்கறது. 2011ல எட்டு குதிரைங்கள வெச்சு வாரத்துக்கு அஞ்சு நாள், மூணு மாசம் இத மட்டும் பண்ணி அல்ட்ராசவுண்ட்ல பாத்தாங்க, முதுகெலும்ப ஒட்டி உள்ள இருக்கற மல்டிஃபிடஸ்ங்கற தாங்கற தசை பெருசாகியிருந்துச்சு. மனுஷ முதுகு வலிலயும் முதல்ல சுருங்கறது அதே தசைதான், கிளினிக்ல தினமும் நான் பேசற பேரு. ரெண்டே விஷயம் கவனம், வெடுக்குன்னு இழுத்து ஆட்டக் கூடாது, அது மெதுவா எட்டி சில விநாடி நிக்கணும், கேரட்ட நீளவாக்குல வெட்டிக்கோங்க, வட்டமா வெட்டினா தொண்டைல அடைக்கும். பண்ணும்போது சுவரு ஓரமா நிறுத்திக்கோங்க, இல்லன்னா கேரட்டுக்காக மொத்த உடம்பையும் திருப்பிட்டு வந்து நிக்கும், கில்லாடிங்க.

சென்னைல இதையெல்லாம் காலைல ஏழு மணிக்குள்ள முடிச்சிடணும். அதுக்கு மேல வெயில் ஏறிட்டா குதிரையும் மூச்சு வாங்கும், ஈ மொய்க்கும், தோல் சிலிர்க்கறது ஈக்கா என் விரலுக்கான்னு தெரியாம போயிடும். எண்ணெய் தேய்க்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க, வேண்டாம், மயிர்ல தூசி ஒட்டி, மேல சேடில் உரசி புண்ணாகும், வெறும் கை போதும்.

ராணிக்கு மருந்து ஆரம்பிச்சு, தீனிக்கு நடுவுல எப்பவும் புல்லு இருக்கற மாதிரி வலைல கட்டி தொங்க விட்டாங்க. கர்த் கட்டும்போது இப்ப காதை மடக்குது, கடிக்க வர்றதில்ல. இடது கேன்டர் சில நாள் வருது, சில நாள் வரல. முதுகு குழிக்கு சேடில் மாத்தாம ஒண்ணும் ஆகாதுன்னு ஓனர்கிட்ட சொல்லியாச்சு, விலைய கேட்டுட்டு யோசிக்கறேன்னு சொல்லியிருக்காரு, அதுவரைக்கும் புது பிள்ளைங்கள அது மேல ஏத்த வேண்டாம்னு டாக்டரும் எழுதி குடுத்துட்டாரு. பாய் மட்டும் தினமும் வைக்கோல் பந்தோட போயி நிக்கறாரு.